நம் குணத்தையும் விருப்பத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல எந்த ப்ரெபோசிஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவருடைய குணம், திறமை, பிடித்தது, பிடிக்காதது ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் 'அட்', 'ஆஃப்', 'இன்', 'வித்', 'டு', 'அபவுட்' என்று ஏதோ ஒரு சின்னச் சொல் குறுக்கே வந்து நிற்கும். வாக்கியத்தில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஓரிடத்தில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பக்கம்.

ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். 'ஆஃப்' என்று வரும் இடமெல்லாம் ஓ, எஃப் என்ற இரண்டெழுத்துச் சொல். விளக்கை அணைக்கும்போது சொல்கிற மூன்றெழுத்து 'ஆஃப்' இங்கே எங்கும் வராது.

தமிழில் யோசித்துச் சொல்லும்போது இந்தச் சொல் ஏன் இவ்வளவு தவறிப்போகிறது?

'எனக்குப் பிடிக்கும்', 'கணக்கில் கெட்டிக்காரி', 'அவன்மேல் கோபம்', 'குழந்தைகளிடம் அன்பு' என்று நாம் சொல்லும்போது கு, இல், மேல், இடம் எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆனால் எது ஒட்ட வேண்டும் என்பதை அந்தப் பெயர் முடிவு செய்வதில்லை. பின்னால் வருகிற 'பிடிக்கும்', 'கோபம்', 'அன்பு' என்ற சொல்தான் முடிவு செய்கிறது. சின்ன வயதிலிருந்தே பேசுவதால் இதை நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் அதே கதைதான். 'ஃபாண்ட்' என்ற சொல் 'ஆஃப்' கேட்கும். 'கீன்' என்ற சொல் 'ஆன்' கேட்கும். இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும் கேட்பது வேறு. அதனால் 'மேல் என்றால் ஆன், இல் என்றால் இன்' என்று உருபுக்கு உருபு மாற்றிக்கொண்டு போனால் பாதி இடங்களில் விழுவோம். ப்ரெபோசிஷனைத் தேடும்போது அதற்கு அடுத்து வரும் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் நிற்கும் குணச்சொல்லைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

'ஐ ஆம் குட் இன் மேத்ஸ்' தவறா?

புரியும். பலர் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் திறமையைச் சொல்லும் 'குட்' வழக்கமாகக் கேட்பது 'அட்'. 'குட் அட் மேத்ஸ்', 'குட் அட் ட்ராயிங்', 'குட் அட் லிஸனிங்' என்று சொல்லிப் பழகுங்கள். பாராட்டானாலும் குறையானாலும் இது மாறாது: 'ப்ரில்லியன்ட் அட்', 'பெட்டர் அட்', 'பேட் அட்', 'டெரிபிள் அட்', 'ஹோப்லெஸ் அட்', 'க்விக் அட்', 'ஸ்லோ அட்'.

ஏன் 'அட்'? ஆங்கிலத்தில் 'அட்' ஓர் இலக்கைக் குறிவைக்கிற சொல். 'லுக் அட்', 'எய்ம் அட்', 'லாஃப் அட்' எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றை நோக்கிய செயல் இருக்கிறது. திறமையையும் அப்படியே, ஒரு செயலை நோக்கிப் போவதாக நினைத்துப் பார்த்தால் மனத்தில் நின்றுவிடும்.

குழப்பம் வருவதற்குக் காரணம், பக்கத்திலேயே 'இன்' கேட்கும் சொற்கள் நிறைய இருப்பதுதான். 'வீக் இன் மேத்ஸ்', 'ஸ்ட்ராங் இன் சயின்ஸ்', 'ஃப்ளூயன்ட் இன் தமிழ்', 'எக்ஸ்பீரியன்ஸ்ட் இன் டீச்சிங்', 'ஐ டிட் வெல் இன் தி எக்ஸாம்' எல்லாம் சரி. இவை ஒரு துறையைப் பரப்பாகப் பார்த்து, அதற்குள்ளே நாம் எப்படி இருக்கிறோம் என்று சொல்கின்றன. 'குட் இன்' என்பதற்கும் தனி இடம் உண்டு. 'ஷி இஸ் குட் இன் எ க்ரைசிஸ்' என்றால் நெருக்கடி நேரத்தில் அவர் தடுமாற மாட்டார் என்று பொருள். அங்கே க்ரைசிஸ் அவருடைய திறமை இல்லை, அவர் இருக்கும் சூழல்.

'குட் வித்', 'குட் டு', 'குட் ஃபார்' எல்லாம் கேட்டிருக்கிறேன். எது எப்போது?

ஒரே பெயரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'ஷி இஸ் குட் வித் சில்ட்ரன்': குழந்தைகளை எப்படிக் கையாள வேண்டும் என்று அவருக்குத் தெரியும், குழந்தைகள் அவரிடம் ஒட்டிக்கொள்ளும்.

'ஷி இஸ் குட் டு சில்ட்ரன்': குழந்தைகளிடம் அன்பாக, நல்லவிதமாக நடந்துகொள்கிறார்.

'மில்க் இஸ் குட் ஃபார் சில்ட்ரன்': பால் குழந்தைகளுக்கு நல்லது.

முதலாவது கைத்திறம், இரண்டாவது நடத்தை, மூன்றாவது பயன். 'வித்' என்பது கையாளுதல் என்று வைத்துக்கொண்டால் 'குட் வித் நம்பர்ஸ்', 'குட் வித் வேர்ட்ஸ்', 'குட் வித் மை ஹேண்ட்ஸ்' எல்லாம் தானாகப் புரியும். கருவிகளோடும் மனிதர்களோடும் புழங்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இந்த 'குட் வித்'தைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். 'குட் வித் பீப்பிள்' என்ற சின்னத் தொடர் சொல்வதை நீண்ட விளக்கம்கூடச் சொல்வதில்லை.

'ஆங்ரி ஆன் ஹிம்' என்று சொல்லக் கூடாதா?

கூடாது. இது 'அவன்மேல் கோபம்' என்பதிலிருந்து நேராக வந்த தவறு. ஆளின் மேல் கோபம் என்றால் 'ஆங்ரி வித் ஹிம்' அல்லது 'ஆங்ரி அட் ஹிம்'. விஷயத்தின் மேல் கோபம் என்றால் 'ஆங்ரி அபவுட் தி டிலே'. இரண்டையும் சேர்த்து 'ஆங்ரி வித் ஹிம் அபவுட் தி டிலே' என்றும் சொல்லலாம்.

இந்த 'மேல்' நம்மை ஏமாற்றும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பாசம் 'அஃபெக்‌ஷன் ஃபார்', மரியாதை 'ரெஸ்பெக்ட் ஃபார்', நம்பிக்கை 'ஃபெய்த் இன்', பொறாமை 'ஜெலஸ் ஆஃப்'. தமிழில் நான்கிலும் 'அவர்மேல்' என்று சொல்லிவிட முடியும். ஆங்கிலத்தில் ஒன்றுகூட 'ஆன்' கேட்கவில்லை.

அதற்காக 'ஆன்' வரவே வராது என்று நினைத்துவிட வேண்டாம். 'கீன் ஆன் ம்யூசிக்', 'எ க்ரஷ் ஆன் ஸம்ஒன்', 'ஷி டோட்ஸ் ஆன் ஹர் க்ராண்ட்சன்' ஆகியவற்றில் நம் 'மேல்' அழகாகப் பொருந்துகிறது. யாரிடமாவது மிகக் கடுமையாக நடந்துகொண்டால் 'டூ ஹார்ட் ஆன் ஹிம்'. தன்னைத்தானே ஓயாமல் குறை சொல்லிக்கொள்கிறவரிடம் 'டோன்ட் பி ஸோ ஹார்ட் ஆன் யுவர்செல்ஃப்' என்பார்கள். மனதார ஆறுதல் சொல்லும் தொடர், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

'ஆஃப்' கேட்கும் சொற்களுக்கு ஏதாவது பொதுத்தன்மை உண்டா?

ஓரளவு உண்டு. மனத்தில் எழும் உணர்வுக்கு எது காரணமோ, எது மூலமோ, அதைப் பல நேரம் 'ஆஃப்' காட்டும். 'ப்ரவுட் ஆஃப்', 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'ஃபாண்ட் ஆஃப்', 'ஜெலஸ் ஆஃப்', 'டயர்ட் ஆஃப்', 'அஷேம்ட் ஆஃப்' எல்லாம் இந்த வரிசை. 'கேப்பபிள் ஆஃப்' உணர்வு இல்லை என்றாலும் இதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'எனக்கு நாய்க்குப் பயம்' என்பதை அப்படியே மாற்றி 'அஃப்ரெய்ட் ஃபார் தி டாக்' என்று சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். அந்த நாய்க்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுவதாகத்தான் கேட்பவருக்குப் புரியும். நாயைக் கண்டால் பயம் என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்'.

'கைண்ட் டு', 'கைண்ட் ஆஃப்' இரண்டும் சரியா?

இரண்டும் சரி, வேலைதான் வேறு. யாரிடம் அப்படி நடந்துகொள்கிறோமோ அவருக்கு முன்னால் 'டு': 'கைண்ட் டு அனிமல்ஸ்', 'பொலைட் டு எவ்ரிஒன்', 'ரூட் டு தி வெயிட்டர்', 'க்ரூயல் டு'. நடத்தை ஒருவரை நோக்கிப் போகிறது, அதனால் 'டு'.

'இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்' என்பது வேறு. நீங்கள் வந்தது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது என்று அங்கே சொல்கிறோம். 'ஸில்லி ஆஃப் மீ', 'க்ளெவர் ஆஃப் ஹர்', 'ஜெனரஸ் ஆஃப் தெம்' எல்லாம் இதே வார்ப்பு. இங்கே பலரும் 'ஃபார் யூ' என்று போட்டுவிடுகிறார்கள். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 'யூ ஆர் கைண்ட்' என்று சொன்னாலும் பொருள் நிற்கிறதா? நிற்கிறது, அப்போது 'ஆஃப்'. 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு வேக் அப் எர்லி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆம் டிஃபிகல்ட்' என்றால் 'நான் ஒத்துப்போகாத ஆள்' என்று பொருள் எங்கேயோ போய்விடும். கடினமானது நான் இல்லை, அந்த வேலை. அப்போது 'ஃபார்'.

பிடித்ததைச் சொல்ல எத்தனை வழி?

'லைக்', 'லவ்', 'என்ஜாய்' மூன்றுக்கும் ப்ரெபோசிஷனே தேவையில்லை. 'ஐ லைக் ரீடிங்', முடிந்தது. ஆனால் இதையே எல்லா இடத்திலும் சொன்னால் பேச்சு தட்டையாகிவிடும். மென்மையான, நாள்பட்ட பிரியத்துக்கு 'ஃபாண்ட் ஆஃப்'. ஆர்வத்தோடு ஈடுபட நினைப்பதற்கு 'கீன் ஆன்'. தெரிந்துகொள்ளும் ஆவலுக்கு 'இன்டரஸ்டட் இன்'. நண்பர்களிடம் சாதாரணமாகப் பேசும்போது 'ஐ ஆம் இன்டு ஃபோட்டோகிராஃபி'. தலைகால் புரியாத ஆசைக்கு 'க்ரேஸி அபவுட்'. வேலை நேர்காணலிலும் சொல்லத்தக்க தீவிரத்துக்கு 'பேஷனெட் அபவுட்'. விடவே முடியாதபடி மனம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் 'அப்செஸ்ட் வித்'.

பிடிக்காததில் 'நாட் கீன் ஆன்' என்பதை மறக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். 'ஐ ஹேட் இட்' என்று முகத்திலடித்தாற்போலச் சொல்வதற்குப் பதிலாக நாகரிகமாக மறுக்க இதுவே வழி. 'இன்டிஃபரன்ட் டு' என்றால் பிடித்தம், வெறுப்பு இரண்டுமே இல்லை.

'ப்ரிஃபர்' வந்தால் ஏன் 'தேன்' போடக் கூடாது?

ஒன்றை 'விட' இன்னொன்று பிடிக்கும் என்று சொல்கிறோம். 'விட' என்றவுடன் 'தேன்' வந்துவிடுகிறது. 'ப்ரிஃபர்' கேட்பது 'டு': 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு ட்ரைவிங்'. அந்தச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது, ஒன்றை இன்னொன்றுக்கு முன்னால் வைப்பது என்பது அதன் மூலப்பொருள். இலத்தீனிலிருந்து வந்த 'ஸீனியர்', 'ஜூனியர்', 'ஸுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' என்ற ஒப்பீட்டுச் சொற்களும் 'டு' கேட்பதைச் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், 'தேன்' வேண்டுமென்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்: 'ஐ வுட் ராதர் வாக் தேன் ட்ரைவ்'. அல்லது 'ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் ட்ரைவ்'. 'ப்ரிஃபரன்ஸ்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் 'டு' போய் 'ஃபார்' வந்துவிடும்: 'எ ப்ரிஃபரன்ஸ் ஃபார் வாக்கிங்'.

குணச்சொல் பெயர்ச்சொல்லானால் ப்ரெபோசிஷனும் மாறுமா?

சிலவற்றில் மாறும், இது பலருக்குத் தெரியாத வலை. 'ஃபாண்ட் ஆஃப்', ஆனால் 'ஃபாண்ட்னெஸ் ஃபார்'. 'பேஷனெட் அபவுட்', ஆனால் 'பேஷன் ஃபார்'. 'குட் அட்', ஆனால் 'எ டேலன்ட் ஃபார்', 'எ கிஃப்ட் ஃபார்'. பெருமை இன்னும் வேடிக்கை: 'ப்ரவுட் ஆஃப் மை வர்க்', 'ஐ டேக் ப்ரைட் இன் மை வர்க்', 'ஐ ப்ரைட் மைசெல்ஃப் ஆன் மை வர்க்'. மூன்றும் சரியான ஆங்கிலம், மூன்று வெவ்வேறு ப்ரெபோசிஷன். 'இன்டரஸ்டட் இன்', 'இன்டரஸ்ட் இன்' போல மாறாத சொற்களும் உண்டு.

பின்னால் வினை வந்தால் என்ன செய்வது?

ப்ரெபோசிஷனுக்குப் பின் வினை வந்தால் 'இங்' வடிவம்தான். 'குட் அட் குக்', 'இன்டரஸ்டட் இன் டு லேர்ன்' இரண்டும் தவறு. 'குட் அட் குக்கிங்', 'இன்டரஸ்டட் இன் லேர்னிங்' என்று இருக்க வேண்டும்.

'டு' வரும்போதுதான் சிக்கல். 'டு' என்றாலே வினையின் மூல வடிவம் வரும் என்று பழகியிருக்கிறோம். ஆனால் 'கமிட்டட் டு', 'டெடிகேட்டட் டு', 'அடிக்டட் டு', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' ஆகியவற்றில் 'டு' ஒரு ப்ரெபோசிஷன். ஆகவே 'கமிட்டட் டு மீட்டிங் டெட்லைன்ஸ்', 'லுக்கிங் ஃபார்வர்ட் டு வர்க்கிங் வித் யூ'. விண்ணப்பக் கடிதங்களில் மிக அதிகமாகப் பிழையாகும் இடம் இது. அனுப்பும் முன் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இதே குழப்பம் 'யூஸ்ட் டு'விலும் வரும். 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி' என்றால் முன்பு எழுவேன், இப்போது இல்லை. நடுவில் ஒரு 'ஆம்' இருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடுகிறது.

ஒரே சொல்லுக்கு இரண்டு ப்ரெபோசிஷன் வருமா?

வரும். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று, விஷயத்துக்கு ஒன்று. 'ஹானஸ்ட் வித் யூ', 'ஹானஸ்ட் அபவுட் மை மிஸ்டேக்ஸ்'. 'ஜெனரஸ் டு ஃப்ரெண்ட்ஸ்', 'ஜெனரஸ் வித் ஹிஸ் டைம்'. 'ஸ்ட்ரிக்ட் வித் ஸ்டூடன்ட்ஸ்', 'ஸ்ட்ரிக்ட் அபவுட் டைமிங்'. பொறுமை என்றால் 'பேஷன்ட் வித்'. மருத்துவரிடம் சிகிச்சைக்கு வருபவரையும் அதே எழுத்தும் ஒலியும் கொண்ட சொல்லால் சொல்வார்கள். அதற்கு இது பொருந்தாது.

'லைக்', 'அஸ்' குழப்பத்துக்கு வழி?

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'போல' என்றால் 'லைக்', 'ஆக' என்றால் 'அஸ்'. 'ஹி டாக்ஸ் லைக் எ டாக்டர்': டாக்டர்போலப் பேசுகிறார், அவர் டாக்டர் இல்லை. 'ஹி வர்க்ஸ் அஸ் எ டாக்டர்': டாக்டராக வேலை செய்கிறார். 'நோன் அஸ் எ போயட்' என்றால் கவிஞராக அறியப்பட்டவர். எந்தக் குணத்துக்குப் பெயர் பெற்றவர் என்று சொல்ல வேண்டுமானால் 'நோன் ஃபார் ஹர் பேஷன்ஸ்'.

ப்ரெபோசிஷன் வரவே கூடாத இடங்கள்?

சில உண்டு. 'ஐ ரிசெம்பிள் மை ஃபாதர்', நடுவில் 'டு' இல்லை. 'ஐ லேக் கான்ஃபிடன்ஸ்', 'ஆஃப்' இல்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் 'லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்'. 'ஷி மேரீட் எ டீச்சர்', 'வித்' இல்லை. நிலையைச் சொல்லும்போது 'மேரீட் டு எ டீச்சர்'.

'வாட் ஆர் யூ குட் அட்?' என்று ப்ரெபோசிஷனில் வாக்கியத்தை முடிக்கலாமா?

தாராளமாக. கூடாது என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1672இல் கவிஞர் ஜான் ட்ரைடன், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சன் வாக்கியக் கடைசியில் ப்ரெபோசிஷன் வைத்ததைக் குறை சொல்லி எழுதினார். பிறகு இலக்கண நூல்களும் பள்ளிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்கு முன்னும் அப்படிப் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். 'அட் வாட் ஆர் யூ குட்?' என்று மாற்றினால் யாரும் பேசாத வாக்கியம்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'ப்ரவுட்' என்று தனியாகக் கற்காமல் 'ப்ரவுட் ஆஃப்' என்று ஒரே சொல்லாக வாயில் பழக்குங்கள். உங்களைப் பற்றி, உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி உண்மையான வாக்கியங்கள் எழுதுங்கள். எனக்கு எது நன்றாக வரும், எதற்குப் பயம், எதில் பெருமை, யாரிடம் பொறுமை இருக்காது என்று எழுதிப் பாருங்கள். பொய் வாக்கியம் மறந்துபோகும். நம் அம்மாவைப் பற்றி எழுதிய வாக்கியம் மறக்காது.

சந்தேகம் வந்தால் கற்போருக்கென்றே தொகுத்த ஆங்கில அகராதியைப் பாருங்கள். குணச்சொல்லுக்குக் கீழேயே அது கேட்கும் ப்ரெபோசிஷனையும் காட்டியிருப்பார்கள். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில், உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் அங்கே வெளியானது. சொல்லின் பொருளோடு, வாக்கியத்தில் அது எப்படி இயங்கும் என்பதையும் காட்டும் அகராதி அது. ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொள்கிறவர்களின் தேவை பொருளோடு முடிவதில்லை என்பதை உணர்ந்து செய்த வேலை. இன்று அந்த வகை அகராதிகள் பல, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

'போர்ட் ஆஃப்' என்று நிறையப் பேர் சொல்கிறார்களே, சரியா?

பேச்சில் இன்று மிகச் சாதாரணம். 'டயர்ட் ஆஃப்' பக்கத்திலேயே இருப்பதால் நாக்கு அப்படிப் போகிறது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'போர்ட் வித்' அல்லது 'போர்ட் பை' என்றே எழுதுங்கள்.